காணாக்கடி: தறிக்குழியிலும் வரப்பிலும்

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டதும், வரப்பு வளைகளிலும் கல் இடுக்குகளிலும் நீர் புகுந்து, அங்குக் குடியிருந்த சிற்றுயிர்கள் மேட்டை நாடி வருகின்றன. அந்த மேடு பெரும்பாலும் நமது வீடாகவே அமைந்துவிடுகிறது. தறிக்குழியில் காலை இறக்கி அமரும் நெசவாளருக்கும், களை பறிக்கக் குனியும் உழவருக்கும் இக்காலத்தில் ஏதேனும் ஒன்று கடிப்பதோ கொட்டுவதோ அரிதன்று. கடித்தது இன்னதென்று கண்ணால் கண்டுவிட்டால் கவலையில் பாதி குறையும். காணாவிட்டாலோ, ‘காணாக்கடி’ என்று அதற்குப் பெயரிட்டு, மிளகைக் கொடுத்து மெல்லச் சொல்கிறோம். உறைத்தால் நஞ்சில்லை, உறைக்காவிட்டால் நஞ்சேறியிருக்கிறது என்பது தலைமுறை தலைமுறையாக வந்த சோதனை. சில ஊர்களில் மிளகுக்குப் பதிலாக வேப்பிலை கொடுப்பர்.

இச்சோதனையை நம்பியிருத்தல் ஆகாது என்பதைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறோம். நாவின் சுவைக்கும் உடலில் ஏறிய நஞ்சின் அளவுக்கும் தொடர்பில்லை. மிளகு உறைத்துவிட்டதே என்று நிம்மதியாகப் படுத்துவிட்டால், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நேரம் வீணாகிவிடும்.

அதேபோல் கடிவாயின் தோற்றத்தையும் அளவுக்கு மிஞ்சி நம்பலாகாது. துடிக்கத் துடிக்க வலித்து, கை வீங்கிப்போனால் அஞ்சுகிறோம். எறும்பு கடித்ததுபோல் ஒரு புள்ளி மட்டும் இருந்தால் தடவிவிட்டு வேலையைப் பார்க்கிறோம். உண்மையில் பூரான் கடியைப்போல் வலி மிகுந்தவற்றில் பல உயிருக்கு ஊறு செய்வதில்லை. வலியே இல்லாதவற்றுள் சில உயிரையே கொண்டுபோகின்றன. ஆகவே நாம் கவனிக்க வேண்டுவது, தொல்லை கடித்த இடத்தோடு நிற்கிறதா, அல்லது அந்த இடத்தைவிட்டு உடலின் வேறு பாகங்களில் தோன்றுகிறதா என்பதையே. வியர்வை, வாந்தி, மூச்சுத் திணறல், இமை கனத்தல், வயிற்றுவலி, நாட்கள் கழித்து வரும் காய்ச்சல் ஆகிய இவையே கடித்தது எது என்பதைச் சொல்லும். இக்கட்டுரையின் மற்றப் பகுதியெல்லாம் இந்த ஒன்றின் விரிவே.

முதலில் தறி வீட்டுக்கு வருவோம். குழித்தறியின் பள்ளம் இருட்டும் ஈரமும் உடையது. பாவுக்குத் தெளித்த நீரும் கஞ்சியும் அதில் வடிகின்றன. மண்சுவரில் வெடிப்புகள் இருக்கின்றன. தேளுக்கும் பூரானுக்கும் இதைவிட உகந்த இடம் வேறில்லை. நெசவாளரோ வெறுங்காலோடுதான் மிதியை மிதிக்க வேண்டியிருக்கிறது.

தேள்களை நம் மக்கள் கருந்தேள் என்றும் செந்தேள் என்றும் பிரித்தறிவர். நட்டுவாக்காலி என்று சிலர் கூறும் பெரிய கருந்தேள் பார்ப்பதற்கு அச்சந்தரும்; கொட்டினால் கடுமையாக வலிக்கும்; எனினும் உயிருக்கு ஆபத்து மிகக் குறைவு. இரண்டு மூன்று அங்குல நீளமே உள்ள செந்தேள்தான் கொடியது. இடுக்கி பருத்து வால் மெலிந்திருந்தால் கேடு குறைவு, இடுக்கி மெலிந்து வால் தடித்திருந்தால் கேடு மிகுதி என்பதைப் பொது அடையாளமாகக் கொள்ளலாம். ஆயினும் அடையாளம் பார்ப்பதற்காகத் தேளைத் தேடி இன்னொரு கொட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

செந்தேளின் நஞ்சு நரம்புகளைத் தூண்டி, இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தின்மேல் பெருஞ்சுமையை ஏற்றுகிறது. கொட்டப்பட்டவருக்கு உடல் முழுதும் வியர்த்து ஒழுகும், கைகால்கள் சில்லிடும், வாந்தி வரும், வாயில் எச்சில் ஊறும், ஆண்களுக்குக் குறி விறைத்து நிற்பதும் உண்டு. கூச்சத்தால் இதைச் சொல்லாமல் விடுதல் தவறு; மருத்துவருக்கு அது முக்கியமான அடையாளம். இந்நிலையில் கவனியாமல் விட்டால், சில மணி நேரத்தில் நுரையீரலில் நீர் கோத்து, இருமலும் மூச்சிரைப்பும் உண்டாகி, இளஞ்சிவப்பு நுரை தள்ளும். குழந்தைகளுக்கு இது மிக விரைவில் நேர்கிறது. கொட்டிய இடத்தில் பெருவலி மட்டும் இருந்து, வேறு குறி ஒன்றும் இல்லாதவர் பெரும்பாலும் தப்பிவிடுவர். ஆதலின் வலிக்கிறது என்று அலறும் பிள்ளையைவிட, வலி பெரிதாக இல்லை என்று சொல்லிக்கொண்டே வியர்த்துக் குளிரும் பிள்ளைக்காகவே நாம் மிகுதியும் பதற வேண்டும்.

தேள்கொட்டுக்கு மருந்தில்லை, மந்திரந்தான் உண்டு என்னும் எண்ணம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. மகாராஷ்டிரத்துக் கொங்கணப் பகுதியில், மகாட் என்னும் சிற்றூரை அடுத்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றிய டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் இதற்கு விடை கண்டார். கொட்டுப்பட்டுச் சாகும் குழந்தைகளை இரவு முழுதும் அருகிலிருந்து கவனித்து, இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிராசோசின் என்னும் மலிவான மாத்திரையை 1980களில் பயன்படுத்தலானார். கடுமையாக நஞ்சேறியவர்களில் நூற்றுக்கு 40 வரை இருந்த சாவு, அதன்பின் ஒன்று என்னும் அளவுக்கு இறங்கியது. பெரிய நகரத்து ஆராய்ச்சிக் கூடத்திலன்றிக் கிராமத்து நிலையத்தில் நடந்த வேலை இது என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது. 2022 ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அம்மாத்திரையை வீட்டில் வாங்கி வைத்துத் தாமே கொடுத்தல் கூடாது. அழுத்தம் திடீரென இறங்கி மயக்கம் வரக்கூடும். அதை மருத்துவர் கையால் பெறுவதற்கு நேரத்தில் போய்ச் சேர்வதே நம் பொறுப்பு.

தேளைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கைச் சங்கத்தின் காசாளர் மேசையில் அங்கத்தினர் பலரும் கண்டிருப்பர். அவ்வகை விளக்கை இருட்டில் தறிக்குழியினுள் காட்டினால், தேளின் உடல் பச்சையும் நீலமுமாக ஒளிரும். கையடக்கமான ஊதா விளக்குகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. நான்கைந்து தறிக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அது இல்லாவிடினும், காலையில் குழியில் இறங்குமுன் மிதிகளை ஒரு கோலால் தட்டிவிட்டுக் கால் வைத்தல் நலம். குழிச்சுவரின் வெடிப்புகளைச் சிமெண்டால் பூசிவிடுதல் அதனினும் நலம்.

இரவில் விளக்கொளியில் நெய்பவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. படுக்கும்வரை ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ கழுத்தில் கோடு இழுத்தாற்போலச் சிவந்து, எரிந்து, கொப்புளம் கிளம்பும். இதை அக்கி என்று கருதிக் காவிமண்ணால் அக்கி எழுதிக்கொள்வோர் உண்டு. இது அக்கியுமன்று, கடியுமன்று. விளக்கை நாடி வரும் ஒரு சிறு வண்டு உண்டு. எறும்புபோல் ஒடுங்கிய உடல், செம்மஞ்சளும் கருப்புமாய் மாறி மாறி நிறம், நடுவில் நீலப்பச்சையாய்ச் சிறிய இறகுமூடி ஆகியவை அதன் அடையாளங்கள். அது கடிப்பதில்லை, கொட்டுவதில்லை. கழுத்தில் ஊரும்போது நாம் அதை நசுக்கித் தேய்க்கிறோம். அதன் உடற்சாறு பட்ட வழியெல்லாம் தோல் வெந்துபோகிறது. ஊர்வது தெரிந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளுதல் வேண்டும். நசுக்கிவிட்டால் உடனே சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். அந்தக் கையைக் கண்ணில் வைக்கலாகாது. இதே வண்டு நெல் வயலில் தத்துப்பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவுகிறது என்பதையும் சொல்லிவைக்கிறோம். அது நெசவாளருக்குத்தான் பகை.

மூட்டைப்பூச்சியைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. வரிசையாக மூன்று நான்கு தடிப்புகள் காலையில் இருந்தால் கட்டிலையும் தறிச்சட்டத்தையும் சோதித்துக் கொதிநீர் ஊற்றுக. கொசுவில் மட்டும் ஒன்று கவனிக்கத் தக்கது. டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது; இருண்ட தறிக்குழியில் அசையும் கால்கள் அதற்கு வசதியாக வாய்க்கின்றன. நூல் நனைக்கும் தொட்டியே அது முட்டையிடும் இடமாகவும் இருக்கலாம். வாரம் ஒருமுறை நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் சாகாமல் கிடக்கும். தொட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

இனித் தோட்டத்துக்கும் வயலுக்கும் செல்வோம். தென்னையிலும் பனையிலும் ஏறுவோருக்குக் கதண்டும் குளவியும், மரக்கிளையிலும் பாறையிலும் கட்டும் மலைத்தேனீயும் எமனாக நிற்கின்றன. தேனீ கொட்டினால் அதன் கொடுக்கு, நஞ்சுப் பையோடு தோலிலேயே தங்கி, மேலும் நஞ்சைச் செலுத்திக்கொண்டிருக்கும். அதை நகத்தாலோ கத்தியின் முனையாலோ எப்படி எடுப்பது என்று யோசிப்பதைவிட, எப்படியாவது நொடியில் எடுத்துவிடுவதே முக்கியம். குளவியும் கதண்டும் கொடுக்கை விடுவதில்லை. ஆகவே ஒன்றே பலமுறை கொட்டும். கையிலோ காலிலோ கொட்டினால் மோதிரம், வளையல், மெட்டி ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றிவிடுதல் வேண்டும். சோப்பிட்டுக் கழுவிக் குளிர்ந்த நீர்த்துணி போட்டால் ஒரு கொட்டின் வீக்கம் ஓரிரு நாளில் வடியும். சுண்ணாம்பு அப்புவதால் தோல் வெந்துபோவதுதான் மிச்சம்.

ஆயினும் சிலருக்கு ஒரே கொட்டு போதும். சில நிமிடங்களில் உடலெங்கும் தடித்து அரிக்கும்; உதடும் நாக்கும் வீங்கும்; குரல் கம்மும்; மூச்சு இழுக்கும்; தலை சுற்றி விழுவர். நஞ்சின் அளவால் வருவதன்று இது. அவருடைய உடலே அந்நஞ்சைப் பொறாமல் கிளர்ந்தெழுவதால் நேர்வது. இதற்கு அட்ரினலின் ஊசியைத் தொடைத் தசையில் உடனே போடுதல் ஒன்றே வழி. ஒருமுறை இவ்வாறு நேர்ந்தவர், மரம் ஏறும் தொழிலில் இருப்பின், மருத்துவரைக் கலந்து வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பத்து இருபது என்று ஒரே சமயத்தில் கொட்டுப்பட்டவர், தமக்கு ஒன்றுமில்லை என்று தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். நஞ்சின் மிகுதியால் சிறுநீரகம் பின்னர்ப் பழுதாவது உண்டு. கூட்டம் துரத்தும்போது முகத்தை மூடிக்கொண்டு ஓடுவதே தக்கது. கிணற்றில் குதித்தவர் தலை தூக்கும்வரை தேனீ மேலே காத்திருக்கும். கூட்டைத் தீ வைத்துக் கலைக்கும் வீரச்செயலை விட்டுவிட்டுத் தீயணைப்பு நிலையத்தாருக்குச் சொல்லியனுப்பலாம்.

முருங்கையில் கூட்டங்கூட்டமாய் இறங்கும் கம்பளிப்பூச்சி பட்டால் சொறியாதிருத்தல் முதல் வைத்தியம். ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தால் மயிர்கள் அதனோடு வந்துவிடும்.

இவற்றையெல்லாம் விட உழவர் குடும்பங்கள் இன்னும் சரியாக அறியாத கடி ஒன்று உண்டு. வரப்போரப் புதரிலும் புல்லிலும், சிவந்த தூசுபோன்ற ஒரு சிற்றுண்ணியின் இளம்பருவம் இருக்கிறது. கண்ணுக்குப் புலப்படுவது அரிது. புல் அறுப்பவர், விறகு பொறுக்குபவர், வெளிக்குச் செல்பவர் ஆகியோரின் ஆடைக்குள் ஏறி, தோல் மெல்லியதாயுள்ள இடத்தில் கடிக்கும். வலியில்லை, அரிப்புமில்லை. ஒரு வாரமோ பத்து நாளோ அதற்கு மேலோ கழித்துக் கடுங்காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் வரும். இதுவே ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல். இரண்டாம் உலகப் போரின்போது பர்மாக் காடுகளில் படைவீரர்களை வீழ்த்திய நோய் இது. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில், மழைக்காலந்தொட்டு மாசிவரை, மருத்துவமனைகளுக்கு வரும் காய்ச்சல்களில் இதற்குக் கணிசமான பங்குண்டு.

இக்காய்ச்சலின் முத்திரை, கடித்த இடத்தில் உண்டாகும் கருநிறப் பொருக்கு. சுருட்டு நெருப்பால் சுட்டதுபோல் நடுவில் கறுத்து, சுற்றிலும் சிவந்திருக்கும். எல்லாருக்கும் அது தோன்றுவதில்லை. தோன்றியவர்க்கும் அக்குள், இடுப்பில் துணி இறுக்கும் கோடு, தொடையிடுக்கு, மார்பின் கீழ்ப்புறம் ஆகிய மறைவிடங்களிலேயே இருப்பதால், நோயாளியே அதை அறிவதில்லை. இங்கேதான் நம் வீட்டுப் பெண்கள் பெரிதும் இடர்ப்படுகின்றனர். காய்ச்சல் என்று சென்றால் கையைத் தொட்டுப் பார்த்து மருந்தெழுதி அனுப்பப்படுகின்றனர், பொருக்கு மறைவில் இருக்கிறது, சொல்லக் கூச்சம். ஐந்தாறு நாட்கள் கழித்து நுரையீரலோ சிறுநீரகமோ மூளையோ பாதிக்கப்பட்ட பின்னரே பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கின்றனர். இத்தனைக்கும் இந்நோய்க்கு டாக்சிசைக்ளின் என்னும் மலிவான பழைய மருந்து இருக்கிறது. தொடக்கத்தில் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் தணிந்துவிடும். பென்சிலின் போன்ற மருந்துகள் இதற்குப் பயன்படா. நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து இரத்தக் குழாய் வழியே செலுத்துவது தனியொன்றைச் செலுத்துவதைவிட மேலானது என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாரின் தலைமையில் இந்தியாவில் நடந்த ஆய்வு 2023 ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

ஆதலின் இக்காலத்தில் காய்ச்சல் கண்டவரை அவருடைய தாயோ மனைவியோ கணவரோ, விளக்கைப் பிடித்துக்கொண்டு, தலைமுதல் கால்வரை ஒருமுறை சோதித்துப் பார்த்தல் வேண்டும். கரும்பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் அதைக் காட்டியே தீர வேண்டும். புதரில் வேலை செய்து திரும்பியவர் அன்றே சோப்பிட்டுக் குளித்து, உடுத்திய துணியை வேறாகத் துவைத்தல் நலம். புல்லின்மேல் வெறுந்தரையாய்ப் படுத்துறங்கலாகாது; துணியைப் புதரின்மேல் காயப்போடலுமாகாது.

இறுதியாக, நம்மவர் பேச்சு வழக்கில் ‘பூச்சி’ என்னும் சொல்லின் மறைபொருளைக் கவனிக்க வேண்டும். இரவில் பாம்பு என்று சொல்லலாகாது என்று அதைப் பூச்சி என்பர். இந்த வழக்கில் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. கருநிற உடலில் மெல்லிய வெண்வளையங்களையுடைய கட்டுவிரியன், எலியைத் தேடி இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் பாய் விரித்து உறங்குபவரைக் கடிக்கிறது. கடி கொசுக்கடி போன்றதே. பலர் விழிப்பதும் இல்லை. வீக்கமில்லை, பல் பட்ட குறியும் தெரியாமற் போகும். பின்னிரவில் வயிற்றுவலி என்று எழுவர்; தொண்டை அடைக்கிறது என்பர்; விடியுமுன் இமைகள் தாமாகச் சரியும்; விழுங்க இயலாது; பின் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். இதைச் சூட்டு வலி என்று வெந்தயம் கொடுத்துக் காத்திருந்து இழந்த குடும்பங்கள் உண்டு. தரையில் உறங்கியவருக்குக் காரணமின்றி விடியற்காலையில் வயிற்றுவலியும் இமைச்சரிவும் வந்தால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் பாம்புக்கடி என்றே கொண்டு விரைய வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் எதுவும் வேண்டா. கடிபட்ட உறுப்பு தெரிந்தால் முறிந்த எலும்புக்குக் கட்டுவதுபோல் அசையாமல் வைத்து, நடக்கவிடாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கொண்டுசெல்க. 108 என்னும் எண்ணுக்குச் சொன்னால் வண்டி வரும். மூச்சு நின்றாற்போல் தோன்றினாலும் நம்பிக்கையை விடலாகாது. கருவியால் மூச்சுக் கொடுத்துச் சில நாட்களில் எழுந்து நடந்தவர் பலர்.

அங்கே ஏற்றப்படும் நஞ்சுமுறி மருந்து, நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவானது. அதற்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக ஒரு கூட்டுறவுச் சங்கத்திலிருந்தே சென்று வந்திருக்கிறது என்பதை அங்கத்தினருள் எத்தனை பேர் அறிவர்? மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1978 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கமே அது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத் தோல் வணிகம் தடைப்பட்டுப் பிழைப்பிழந்த இருளர் மக்கள், ரோமுலஸ் விட்டேகர் அவர்களின் துணையோடு, பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து, சில வாரங்களில் அதனைத் திரும்ப விட்டுவிடும் தொழிலை அமைத்துக்கொண்டனர். அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது; அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவமனைகளும் ஒவ்வொரு கடியையும் தெரிவிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் மலிவான காப்பு, கொசுவலை. கரூர் வட்டாரத்தில் பெருவாரியாக உற்பத்தியாகும் இவ்வலை கொசுவைத் தடுப்பதோடு, தேள், பூரான், கட்டுவிரியன் ஆகியவை படுக்கைக்குள் வருவதையும் தடுக்கிறது. ஆனால் பலர் அதைக் கொசுவுக்காகத் தொங்கவிடுகிறார்களேயன்றி, ஓரங்களைப் பாயின் அடியில் செருகுவதில்லை. நான்கு புறமும் பாயின் கீழ் மடித்துச் செருகி, உள்ளே நுழையுமுன் படுக்கையை ஒருமுறை உதறிப் பார்க்க வேண்டும். இரவில் எழுந்து வெளியே செல்பவர், விளக்கைத் தேடி எழாமல், அதை வலைக்குள்ளேயே தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்க வேண்டும்.